ஒரு சீட்டு, பதினான்கு முறை

கணினித் திரை இன்னும் நாலு விரல் உயரமாக இருந்தால் கழுத்து வலிக்காது என்று மருந்துக்கடை முதலாளிக்கு ஒருநாள் தோன்றியது. அடியில் முட்டுக்கொடுக்க அவர் கைக்கு அகப்பட்டது தூக்க மாத்திரைப் பதிவேடு. சிவப்புத் துணி முதுகு போட்ட நானூறு பக்க நோட்டு. புதிதாக வேலைக்கு வந்த மருந்தாளுநர் முதல் நாள் அதைத் தேடி அலமாரி, மேசை இழுப்பறை, குளிர்பெட்டியின் தலை என்று எல்லா இடத்தையும் துழாவிவிட்டுக் கடைசியில் வாய்விட்டுக் கேட்டாள்.

"இதோ இருக்கே," என்று முதலாளி திரையைத் தட்டிக் காட்டினார். "உருவினா திரை ஆடும், மேடம். அவ்வளவு அவசரமா?"

அவசரம்தான் என்று சொல்லி உருவினாள். முதல் மூன்று பக்கங்கள் மட்டும் எழுதியிருந்தன. அதுவும் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதிகள். அதன்பிறகு இந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் தாமாகவே நிம்மதியாகத் தூங்கத் தொடங்கிவிட்டதைப் போலப் பக்கங்கள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. தலைக்கு மேல் அலமாரியில் அந்த மாத்திரை அட்டைகள் செங்கல் அடுக்கியதுபோல அடுக்கியிருந்தன.

சட்டம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. தூக்க மாத்திரைக்கு மருத்துவர் எழுதிய சீட்டு வேண்டும். எத்தனை மாத்திரை, மறுபடி கொடுக்கலாமா, கொடுக்கலாமென்றால் எத்தனை முறை என்று அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் ஒரே ஒரு முறைதான். கொடுத்ததும் சீட்டின்மேல் முத்திரை. பதிவேட்டில் யாருக்கு, யார் எழுதி, என்றைக்கு, எத்தனை. கடைசிக் கட்டத்தில் மருந்தாளுநரின் கையெழுத்தும் பதிவு எண்ணும். அவ்வளவுதான். ஆனால் முதலாளிக்கு இதெல்லாம், தன்னைப் போன்ற சுறுசுறுப்பான மனிதர்களின் காலை வாருவதற்காக வேலைவெட்டி இல்லாத எவனோ உட்கார்ந்து எழுதியதாகப் பட்டது.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, மேடம்," என்பார். பழமொழிகளைப் பிழையில்லாமல் சொல்வார். இடம்தான் எப்போதும் தப்பாக இருக்கும்.

அக்கம்பக்கத்தில் அவருக்கு 'பார்த்துக்கலாம்' என்று பெயர். சீட்டு இல்லாமல் கைநீட்டியவரிடமும், காலாவதியான மருந்தைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டவரிடமும் அவர் சொன்ன ஒரே பதில் அதுதான். கடையின் சுவரில் சட்டம் போட்டு ஒரு மருந்தாளுநர் சான்றிதழ் தொங்கியது. அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனுடையது. அந்த அண்ணன் கடைக்கு வந்ததே இல்லை. சான்றிதழும் காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. உப்புக்குச் சப்பாணியாகவாவது ஓர் ஆள் வேண்டும் என்று ஒருநாள் யாரோ பயமுறுத்தியதால்தான் இவளை வேலைக்கு எடுத்தார்.

இவள் பதினொரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் இருந்தவள். மே மாதக் கடைசியில் அந்த மருந்தகத்தை வெளியாருக்கு ஒப்பந்தத்தில் விட்டுவிட்டார்கள். ஜூன் மூன்றாம் தேதி இங்கே சேர்ந்தாள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அடுத்தவர்களின் வாக்கியங்களில் மூழ்கிக் கிடப்பவர்.

ஜூன் மூன்றிலிருந்து நான்காம் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். ஒரு வரி விடவில்லை. ஆனால் அவள் மதியம் சாப்பிடப் போகும் அரைமணி நேரத்தில் அட்டைகள் குறைந்தன. கல்லாவில் முதலாளியின் மைத்துனன் இருப்பான், அதாவது அவர் மனைவியின் தம்பி. கடையில் அவனுக்கு மேலாளர் என்று பட்டம். கத்தரிக்கோலால் நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று நறுக்கிக் கொடுப்பது ஒன்றுதான் அவன் மேலாண்மை. குளிர்பெட்டியில் இன்சுலினுக்குப் பக்கத்தில் தன் சாப்பாட்டு டப்பாவை வைக்கும் அளவுக்கு மருந்தைப் பற்றிய மரியாதை உள்ளவன்.

"நேத்து சாயங்காலம் நூத்தி இருபது இருந்தது. இப்ப தொண்ணூத்தி நாலு. சீட்டு எங்கே?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சவங்கதான் மேடம்."

"யாருக்குத் தெரிஞ்சவங்க?"

"எனக்குத்தான்."

முதலாளியிடம் சொன்னாள். பார்த்துக்கலாம் என்றார். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புதன்கிழமை ஆய்வாளர் வருகிறார். ஜனவரியிலிருந்து உள்ள பதிவேடு தயாராக இருக்க வேண்டும். முதலாளி கடிதத்தை நின்றுகொண்டு ஒரு தடவை, உட்கார்ந்துகொண்டு ஒரு தடவை படித்தார். 'பார்த்துக்கலாம்' என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று அவளைக் கூப்பிட்டார். போனாள். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தவளுக்குச் சிரிப்பதா, திரும்பி ஓடுவதா என்று தெரியவில்லை. கல்லா மேசையில் புத்தம்புதுப் பதிவேடு, அதே சிவப்பு முதுகு. அதைச் சுற்றி ஏழு பேனாக்கள்: நீலம், கருநீலம், கறுப்பு, மை காய்ந்துபோன ஒன்று. எழுதுவது ஒரே ஆள் என்றாலும் பேனா மாறினால் நாள் மாறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. முதலாளி கைபேசியில் இருந்த வாடிக்கையாளர் பெயர்களைப் படிக்கப் படிக்க, மைத்துனன் எழுதிக்கொண்டிருந்தான். முதலாளியின் மனைவி வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்து, எழுதி முடித்த பக்கங்களைச் சூடு காட்டிப் பழசாக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கம் கருகிப்போயிருந்தது.

"வாங்க மேடம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும். மத்ததெல்லாம் எங்க வேலை," என்றார் முதலாளி.

"எதுல?"

"இதுலதான். ஜனவரியில இருந்து."

"ஜனவரியில நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்."

"அதனால என்ன? ஜனவரியில போட்டா உங்க கையெழுத்து வேற மாதிரி இருக்குமா?"

மனைவி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்தார். கணவர் புத்திசாலித்தனமாக ஏதோ சொன்னதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நான் ஜூன்ல இருந்து எழுதின புக்கைக் காட்டுங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி எழுதலன்னு உள்ளதைச் சொல்லிடுங்க. அபராதம் போடுவாங்க, அவ்வளவுதானே."

"உள்ளதைச் சொல்றதா?" முதலாளி மைத்துனனைப் பார்த்தார், கேள்விப்படாத மருந்து ஒன்றை யாரோ கேட்டுவிட்ட முகம்.

"நல்லா படிச்சவங்கதான். ஆனா கொஞ்சம் அனுசரிச்சுப் போகத் தெரியல," என்று மனைவி தம்பியிடம் சொன்னார், அவள் அங்கே இல்லாததைப் போல.

"நான் போட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலோரம் பழைய பேப்பர்க் கட்டு ஒன்று கிடந்தது. நடுவில் அவள் எழுதிய பழைய பதிவேட்டின் சிவப்பு முதுகு தெரிந்தது. சணல் கயிற்றில் ஒரே ஒரு முடிச்சு. குனிந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்தக் கடையில் யாருக்கும் தடுக்கத் தைரியம் வந்திருக்காது. அவள் குனியவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"பிழைன்னா ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு இருக்கும், திருத்தலாம். இது புத்தகமே பிழையா இருக்கே. அந்த ஆபீசுக்கு இப்பவே எழுதிப் போட்டுடு."

"இன்னொரு வேலை கிடைக்கட்டும்."

அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று பின்னால் அவரே சொன்னார். அப்போது அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

திங்கட்கிழமை புதுப் பதிவேடு தயாராக மேசையில் இருந்தது. அவள் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் தன் கையெழுத்து அதில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டும். எழுதி முடித்திருந்த பக்கங்களை மொத்தமாகச் சேர்த்து ஒரு கிளிப் போட்டு இறுக்கிவிட்டு, அடுத்த வெற்றுப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைத்த பூனையைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவர்களில் அவளும் ஒருத்தி.

புதன்கிழமை ஆய்வாளர் வந்தார். தேய்த்த சட்டை, தோல் பை, மேலே சட்டைப் பையில் இரண்டு பேனா. மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். எட்டு மாதத்துக்கு ஒரே ஆளின் எழுத்து, மையின் நிறம் மட்டும் வாரத்துக்கு ஒன்று; அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. உலகத்தில் எந்த மருந்துக்கடையிலும் அப்படி ஒரு பதிவேடு இருக்க முடியாது என்பது அந்த வேலையில் ஒரு மாதம் இருந்தவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அவர் இருபத்திரண்டு வருடம் இருந்தவர்.

"இவ்வளவு சுத்தமா யாரும் எழுதறதில்ல," என்று மெச்சினார். பிறகு அவளைக் கூப்பிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு வரிமேல் விரலை வைத்தார். "இது உங்க நம்பர்தானே?"

அது செவ்வாய்க்கிழமை அவளே எழுதிய வரி.

"ஆமாம் சார்," என்றாள்.

பதில் பொய்யில்லை. பொய்யில்லாத பதில் ஒன்று கிடைத்ததே என்று அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சூடாகும்.

ஆய்வாளர் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்துக்கொண்டு போனார். மறுநாளே முதலாளி பழையபடி 'பார்த்துக்கலாம்' ஆகிவிட்டார்.

நவம்பரில் ஒரு முற்பகல், கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றார். அகலமான தோள், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த நிற்பு. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போகும்வரை தன் முறைக்காகக் காத்திருந்தார். முறை வந்ததும் கையிலிருந்த காகிதத்தை முதலாளியின் முன்னால் விரித்தார்.

"நான் பஸ் டிரைவர். பிப்ரவரியில முதுகுப் பிடிப்பு, வலியில தூக்கமே இல்லைன்னு டாக்டர் இந்தத் தூக்க மாத்திரையை எழுதிக் கொடுத்தாரு. பத்து மாத்திரை உங்க கடையிலதான் வாங்கினேன். ஒரே ஒரு தடவை. இதுல பதினஞ்சு தடவை வாங்கினதா போட்டிருக்கீங்க."

முதலாளி காகிதத்தைப் பார்த்தார். நடந்தது என்ன என்று மருந்தாளுநருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. கணக்கில் காட்ட வேண்டிய மாத்திரைகள் நிறைய; காட்டப் பெயர்கள் போதவில்லை. இழுப்பறையில் இந்த மனிதரின் சீட்டு ஒன்று கிடந்திருக்கிறது. மைத்துனன் அதை வைத்துக்கொண்டு பிப்ரவரி பன்னிரண்டிலிருந்து பதினான்கு நாளைக்கு ஒரு தடவை, கடிகாரம் அடிப்பதைப்போல, ஆகஸ்ட் முடியும்வரை அவர் பெயரை எழுதியிருக்கிறான். முதல் வரி நிஜம். மீதிப் பதினான்கும் 'மறுமுறை வழங்கல்'. முகவரிக் கட்டத்தில், நம்பும்படியாக இருக்கட்டும் என்று, 'பேருந்து ஓட்டுநர், பணிமனைக் குடியிருப்பு' என்று வேறு எழுதிவைத்தான். பொய்க்கு நகைபோட்டு அனுப்பினால் அது போகிற இடத்தில் எல்லார் கண்ணிலும் படத்தான் செய்யும். ஆய்வாளரின் அலுவலகம் அந்தப் பதினைந்து வரிகளையும் ஒரே தாளில் நகலெடுத்து நேராகப் பணிமனைக்கு அனுப்பிவிட்டது.

"வேலையில இருந்து நிறுத்தி வெச்சு விசாரணை போட்டுட்டாங்க," என்றார் ஓட்டுநர். "மாத்திரை போட்டுட்டு வண்டி ஓட்டினேனாம். அம்பது பேர் உயிரோட விளையாடினேனாம். நீங்க சொல்ற தேதியில பாதி நாள் நான் வெளியூர் லைன்ல இருந்தேன். சொன்னா, அப்ப உன் சம்சாரம் வந்து வாங்கியிருப்பாங்கன்னு அவங்களையும் இழுக்கறாங்க. இருபத்தி ஆறு வருஷத்துல ஒரு சைக்கிளைக்கூட நான் உரசினதில்ல."

"ரெக்கார்டுல இருக்கறதுக்கு நான் என்ன பண்ண முடியும், சார்?" என்றார் முதலாளி. பதிவேட்டைத் திரைக்கு முட்டுக்கொடுத்த அதே மனிதர்தான். "எழுத்துன்னா எழுத்துதானே."

"நான் வாங்கலைங்க."

"மறந்திருப்பீங்க. அந்த மாத்திரை போட்டா மறதி வரும்." முதலாளி குரலில் அக்கறையைக் கூட்டினார். "டாக்டரைப் பாருங்க, சார்."

ஓட்டுநரின் கை கண்ணாடிமேல் இருந்தது. அது மடங்கி இறுகியது. பிறகு மெல்ல விரிந்தது. அவர் முதலாளியை விட்டுவிட்டு மருந்தாளுநரின் பக்கம் திரும்பினார்.

"இது நீங்க போட்ட கையெழுத்துதானேம்மா?"

நகலை அவள் கையில் வாங்கினாள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவளுடைய பதிவு எண் துல்லியமாக இருந்தது. கையெழுத்து அவளுடையதைப் போல இருந்தது, மைத்துனனுக்கு எட்டிய வரையில். கடைசி எழுத்தின் சுழியை அவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கமாகச் சுழித்திருந்தான். பிப்ரவரி. மார்ச். ஏப்ரல். மே. தான் காலடியே வைக்காத கடையில் தான் எட்டுத் தடவை மாத்திரை எண்ணிக் கொடுத்திருப்பதைப் படித்தாள்.

"இல்லைங்க," என்றாள். "இது என் கையெழுத்து இல்ல. பிப்ரவரியில நான் இந்தக் கடையிலயே இல்ல."

அதற்குள் கடைக்கு வந்து நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேடம் சும்மா விளையாடறாங்க," என்று முதலாளி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் சிரிப்பு அரைகுறையாக நின்றது.

"விசாரணை என்னிக்கு?" என்று அவள் ஓட்டுநரைக் கேட்டாள்.

"வர்ற திங்கக்கிழமை. பதினொரு மணி."

"நான் வரேன்."

அவர் நன்றி சொல்லவில்லை. அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மதியம் முதலாளி தன் மனைவியை வரவழைத்தார். தனியாக ஒரு பொய்யைக்கூடத் தூக்கிச் சுமக்க முடியாத மனிதர். மூன்று பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.

"நாமெல்லாம் ஒரு குடும்பம் மாதிரி," என்று தொடங்கினார் முதலாளி.

"எந்தக் குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்தை இன்னொருத்தர் போடுவாங்க?"

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு டிரைவருக்காகவா இவ்வளவு?" என்றார் மனைவி. அந்த 'ஒரு டிரைவர்' என்பதை, காலில் ஒட்டியதைப் பார்த்துச் சொல்வதைப் போலச் சொன்னார்.

"உங்களுக்கும்தான் ஆபத்து, மேடம்," என்று மைத்துனன் சேர்ந்துகொண்டான். "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை நீங்களும் வந்து பாத்தீங்கல்ல? பாத்துட்டு பேசாமதானே இருந்தீங்க?"

அந்தக் கடையில் அவன் பேசிய பேச்சில் உண்மையானது அது ஒன்றுதான். அது அவள் நெஞ்சில் போய்த் தைத்தது.

"ஆமா," என்றாள். "அதையும் சொல்லத்தான் போறேன்."

வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள். வீட்டில் இரும்புப் பெட்டியைத் திறந்து ஆஸ்பத்திரி கொடுத்த விடுவிப்புக் கடிதத்தைத் தேடினாள். கல்யாணப் பத்திரிகைக்கும் மின்சார ரசீதுக்கும் நடுவில் இருந்தது. மே முப்பத்தொன்று வரை பணியில் இருந்தார் என்று முத்திரையோடு. கணவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இதுல ஒரு பிழையும் இல்ல," என்றார். திங்கட்கிழமைக்கு அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டார்.

பணிமனையில் விசாரணை நடந்த அறை டயர் கிடங்குக்கு மாடியில் இருந்தது. ரப்பர் வாடை, ஜன்னலுக்கு வெளியே பேருந்துகள் பின்னோக்கி வரும்போது அடிக்கும் விசில். நீண்ட மேசையின் ஒரு பக்கம் பணிமனை மேலதிகாரி. அவர் பக்கத்தில் ஆய்வாளர். எதிரே ஓட்டுநரும் அவர் மனைவியும். முதலாளியும் மைத்துனனும் பதிவேட்டோடு ஒரு மூலையில். மருந்தாளுநரின் கணவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

மேலதிகாரி நேரத்தை வீணாக்க விரும்பாதவர். அதாவது, முடிவை ஏற்கெனவே எழுதி வைத்துக்கொண்டு வந்தவர். ஓட்டுநர் வெளியூர் போன நாள்களின் பணிப்பட்டியல் அவருடைய சொந்த அலுவலகத்தில், அடுத்த அறையில் இருந்தது. அதை எடுத்துவரச் சொல்ல ஒரு மணியடித்தால் போதும். அவர் அடிக்கவில்லை.

மருந்தாளுநர் விடுவிப்புக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். "ஜூன் மூணாம் தேதி சேர்ந்தேன் சார். இதுல பிப்ரவரியில இருந்து எட்டுத் தடவை என் நம்பர் இருக்கு. ஜூனுக்கு அப்புறம் இருக்கற ஏழும் நான் போட்டதில்ல. நான் எழுதின புக்கைப் பழைய பேப்பர்ல போட்டுட்டாங்க. செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து புதுசா எழுதினாங்க. நான் பாத்தேன். பாத்துட்டும் யார்கிட்டயும் சொல்லல. அது என் தப்பு."

ஓட்டுநரின் மனைவி சட்டென்று தலைநிமிர்ந்தார்.

"எழுதும்போது நம்பர் மாறிப் போயிருக்கும், சார்," என்றார் முதலாளி. "குமாஸ்தா பிழை. பழைய மருந்தாளுநர் நம்பருக்குப் பதிலா புது நம்பர் விழுந்திடுச்சு. மாத்திரை கொடுத்தது என்னவோ நிஜம்."

ஆய்வாளர் அவசரமாகத் தலையாட்டினார். தான் மெச்சிய பதிவேடு பொய் என்றால் தன் கண் பொட்டை என்று ஆகிவிடும். அவருக்குக் குமாஸ்தா பிழைதான் வசதி.

"சரி, நிஜம்னே வெச்சுக்குவோம்," என்றாள் மருந்தாளுநர். "டாக்டர் சீட்டு உங்ககிட்ட இருக்குல்ல, எடுங்க."

முதலாளி தயங்கினார். மைத்துனன், உதவியாக இருக்கட்டும் என்று, பதிவேட்டுக்குள்ளிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். முதலாளி அவனைப் பார்த்த பார்வை அவனுக்குப் புரியவில்லை.

சீட்டின் கீழே மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தார்: பத்து மாத்திரை. மறுபடி கொடுக்க வேண்டாம்.

"மறுபடி கொடுக்காதேன்னு டாக்டர் எழுதின சீட்டுக்குப் பதினாலு தடவை கொடுத்தது நிஜம்னா, கடையை இன்னிக்கே மூடணும். சட்டம் அப்படி. கொடுக்கலைன்னா பதிவேடு பொய். ரெண்டுல எதுன்னு அவரே சொல்லட்டும், சார்."

கீழே ஒரு பேருந்து விசிலடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றது. முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், பிறகு உள்ளங்கையை, பிறகு மறுபடியும் கழுத்தை. வாழ்நாளில் முதல்முறையாக, சொன்னால் சொன்னது நிற்கும் என்கிற இடத்தில் அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். கிணற்றில் விழுந்தவன் கயிற்றைத் தேடுவதைப் போல மைத்துனனின் பக்கம் திரும்பினார்.

"இவன்தான் சார் எழுதினது. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"மாமா!" மைத்துனன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "நீங்க படிச்சீங்க, நான் எழுதினேன்! அக்கா இஸ்திரி போட்டாங்க! இப்ப என்னையா காட்டிக் கொடுக்கறீங்க?"

"இஸ்திரியா?" என்றார் மேலதிகாரி.

பதிவேட்டை அவர் தன் பக்கம் இழுத்தார். நடுவில் பழுப்பேறி ஓரம் கருகியிருந்த பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியின் முனை, பக்கத்தில் அழகாக, ஒரு படகைப் போலப் பதிந்திருந்தது. அடுத்து ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் தன் பையின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஓட்டுநரை ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 'தவறான தகவலின் அடிப்படையில்' என்று ஒரு வரி. வருத்தம் என்கிற சொல் அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. வெளியூர் லைனை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லி, அவரை நகரத்துக்குள் ஓடும் வண்டியில் போட்டார்கள். பணிமனையில் இரண்டு வாரம் 'மாத்திரை' என்று ஒரு பட்டப்பெயர் சுற்றியது. உண்மை வெளிவந்த பிறகும் அது சுற்றியது, ஏனென்றால் கேலிக்குச் சாட்சி தேவையில்லை.

மருந்துக்கடையின் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தினார்கள். ஏழாம் மாதம் அதே இடத்தில் அதே அலமாரிகளோடு, மனைவியின் பெயரில், பச்சைப் பலகையோடு கடை திறந்தது. முதலாளி இப்போது முதலாளி இல்லையாம், சும்மா உட்கார்ந்திருக்கிறாராம். மைத்துனன் வேறு ஊருக்குப் போய்விட்டான், அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆய்வாளர் தன் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், ஒரு போலிப் பதிவேட்டைத் தான் கூர்ந்த ஆய்வினால் கண்டுபிடித்ததாக எழுதினார். அதற்கு அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

மருந்தாளுநர் மன்றம் அவளை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டது: தெரிந்த அன்றே ஏன் புகார் செய்யவில்லை? வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றாள். பதிவு எண்ணை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். அவள் மேல்முறையீடு செய்யவில்லை. அந்த மூன்று மாதமும் கணவரின் அச்சகத்தில் அட்டை ஒட்டினாள். அங்கே அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அதுவே ஒரு தண்டனையாக இருந்தது.

பிறகு வேறொரு பேட்டையில், பல் மருத்துவமனைக்குக் கீழே இருந்த சின்ன மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. சேர்ந்து ஐந்தாறு வாரம் இருக்கும். ஒரு மாலை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓட்டுநரின் மனைவி வந்து நின்றார். அவரை அங்கே அவள் எதிர்பார்க்கவில்லை. அவரும் இவளை எதிர்பார்த்து வந்தவராகத் தெரியவில்லை. திரும்பிப் போய்விடுவாரோ என்று இருந்தது. போகவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார்.

"அவருக்குத்தான். திரும்பவும் முதுகு. வலியில ராத்திரியெல்லாம் உக்காந்திருக்காரு. சீட்டு கொடுத்து நாலு நாளாச்சு; வாங்க மாட்டேங்கறாரு. மருந்துக்கடைப் பேரைச் சொன்னாலே முகம் ஒரு மாதிரி ஆயிடுது."

மருந்தாளுநர் சீட்டைப் படித்தாள். அதே மாத்திரை. பத்து. ஒருமுறை மட்டும்.

"மேடம்," என்று தொடங்கினாள். "அன்னிக்கு..."

"நீங்க வந்து சொன்னீங்க. இல்லைன்னு சொல்லல," என்றார் அந்தப் பெண்மணி. "ஆனா செப்டம்பர்லயே தெரிஞ்சு வெச்சிருந்தீங்க. என் மருமகன் வீட்டுல என்னை வெச்சுக்கிட்டே பேசினாங்க, நான்தான் கடைகடையா ஏறி வாங்கினேன்னு. உங்களுக்கு ஒரு தபால் எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

மருந்தாளுநர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"சரி, எழுதுங்க," என்றார் ஓட்டுநரின் மனைவி. "நான் பாக்கணும். புக்கை இப்படித் திருப்பி வெச்சு எழுதுங்க."

மருந்தாளுநர் பதிவேட்டைக் கண்ணாடிமேல் குறுக்காகத் திருப்பி வைத்தாள். தேதி எழுதினாள். பெயர், மருத்துவர், மருந்து, எண்ணிக்கை. ஒவ்வொரு கட்டத்தையும் அந்தப் பெண்மணி விரலால் தொட்டுத் தொட்டு வாய்க்குள் படித்தார். பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள், ஒருவர் இருமினார். யாரும் அவசரப்படவில்லை.

"பத்துன்னு எண்ணுல மட்டும் போட்டிருக்கீங்க. எழுத்துலயும் எழுதுங்க."

அப்படி எழுத வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. எழுதினாள்.

"மறுபடி உண்டா இல்லையான்னு எங்க போடுவீங்க?"

"இந்தக் கட்டத்துல. இல்லைன்னு போட்டிருக்கேன், பாருங்க."

"ம்." அவர் கைப்பையைத் திறந்து கைபேசியை எடுத்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு அட்டையை வாங்கி மாத்திரைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணினார். "இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம். போட்டுட்டு எட்டு மணி நேரம் வண்டி எடுக்கக் கூடாது."

"அது அவருக்குத் தெரியும்," என்றார் அவர். "எப்பவும் தெரியும்."

அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். மருந்தாளுநர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இருமியவரை என்ன வேண்டும் என்று கேட்டாள்.